ஜப்பான் சேவலைத் தின்ற ஊர்

கரடுப்பாளையத்துக்காரர்கள் யாராலும் பின்னால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் போனது, ஜப்பான் சேவலின் கறி வீட்டுக்கு ஒரு கிண்ணமாக ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்ததற்கு மறுநாள் காலையில். வாசலைக் கூட்டியபடி பின்னால் நகர்ந்து வரவேண்டிய பெண்கள் விளக்குமாற்றோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள், கிணற்றடியில் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் போகவேண்டியவர்கள் நிறைகுடம் பாதிக் கிணற்றில் தொங்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், தென்னை ஏறுகிற சின்னான் உச்சியில் காய்களை வெட்டிப் போட்டுவிட்டு இறங்குவதற்குக் காலைக் கீழே விட்டுப் பார்த்து, கால் வரமாட்டேன் என்கிறது என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு, மட்டைகளுக்கு நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டான். யாரும் கூச்சல் போடவில்லை. மழை நின்றுபோனதும், நூல் மில் மூடியதும், கிணறுகள் உப்பானதும் எங்களுக்கு இப்படித்தான், ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது நடந்து முடிந்திருந்தன. இதுவும் அவற்றில் ஒன்று என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

சேவலைக் கொண்டுவந்தவன் திருமூர்த்தி. ஜப்பானில் கார்களுக்குப் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது, அப்பாவுக்கென்று மூன்று முட்டைகளைக் கம்பளிக் காலுறைக்குள் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தான். அவனுடைய அப்பா சடையப்பன் எங்கள் ஊரில் கட்டுச்சேவல் வளர்ப்பவர்களில் பேர்போனவர். ஆனால் எதிரில் யார் வந்தாலும் முதலில் ஒதுங்கி வழிவிடுகிற சுபாவம் அவருக்கு, நாய் வந்தாலும் ஒதுங்குவார். சண்டைச் சேவல் வளர்க்கிற ஆளுக்கு இப்படி ஒரு சுபாவம் எங்கிருந்து ஒட்டியது என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள், அதற்கும் அவர் சிரித்துக்கொண்டே பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்.

"ஷாமோன்னு சொல்லுவாங்கப்பா," என்றான் திருமூர்த்தி, முட்டைகளைத் தவிட்டுக் கூடையில் வைத்தபடி. "ரொம்பக் காலத்துக்கு முன்ன சயாம் தேசத்துலருந்து கப்பல்ல அங்க போன கோழி. சயாம்ங்கற பேருதான் அவங்க வாயில ஷாமோ ஆயிருச்சாம்."

"சயாமுக்கு எங்கிருந்து போச்சாம்?"

"அது தெரியாதுங்கப்பா."

"என்னடா தெரியாது? இங்கிருந்துதான் போயிருக்கும். நம்ம சேவலு தேசமெல்லாம் சுத்திப்போட்டு இப்ப காலுறை போட்டுக்கிட்டு ஊருக்கு வருது," என்றார் சடையப்பன். அவர் மனைவி பூங்காவனம் அடுப்படியிலிருந்து சத்தமாகச் சிரித்தாள்.

முட்டையைக் கொடுத்த ஜப்பான்காரர் திருமூர்த்திக்குச் சொன்ன விவரம் இதுதான். அவர்கள் ஊரில் சண்டையில் பின்னால் போன கோழியையெல்லாம் அன்றைக்கே குண்டானில் போட்டார்கள், பின்னால் போகாததை மட்டும் அடைக்கு விட்டார்கள். அப்பன் அப்படிச் செய்தான், அவன் அப்பனும் அப்படிச் செய்தான், அவனுக்கும் முந்தியவர்கள் அப்படியே செய்தார்கள். அப்படித் தின்று தின்று ஒரு கட்டத்தில் அந்த இனத்துக்குள் பின்னால் போகிற கால் என்பதே இல்லாமல் போய்விட்டது. இதைச் சொல்லும்போது அந்த மனிதர் பெருமைப்பட்டாரா வருத்தப்பட்டாரா என்று சடையப்பன் கேட்டார். அவங்க முகத்துல அதெல்லாம் நமக்குத் தெரியாதுப்பா என்றான் திருமூர்த்தி.

ஒன்று கூமுட்டை. இரண்டு பொரித்தன, அந்த வாரம் முடிவதற்குள் ஒன்று இன்னொன்றின் தலையைக் கொத்திக் கொன்றது. மிஞ்சியது தன்னை அடைகாத்த நாட்டுக்கோழியின் இறக்கைக்குள் ஒரு நாளும் போகவில்லை, மழையிலும் வெளியில் நின்றது. வளர வளர அது கோழியைப் போல் குனிந்து நடக்காமல் மனிதனைப் போல் நிமிர்ந்து நின்றது, நீண்ட கழுத்து, தரையைப் பார்த்துத் தொங்கும் வால், உடம்பில் இறகு குறைவு, இருந்த இறகும் ஓலை போலக் கெட்டியாகத் தோலோடு ஒட்டியிருந்தது, நெஞ்செலும்பின் மேல் இறகே இல்லாமல் சிவந்த தோல் வெயிலில் காய்ந்தது, பாக்கு அளவுக்குக் கொண்டை, புருவ எலும்புக்குக் கீழே உள்ளே போன வெளிறிய கண். அது கூவியதை யாரும் கேட்டதில்லை. எதையும் துரத்தியதும் இல்லை. எது வந்தாலும் நின்றது, அவ்வளவுதான். டவுன் பஸ் ஒருநாள் அதற்காகச் சாலையை விட்டு இறங்கிக் கள்ளிவேலியில் முட்டி நின்றது. ஊரில் அதை ஜப்பான் என்றே கூப்பிட்டோம்.

சேவல் சண்டைக் கட்டில் வையாபுரியின் மயில்நிறச் சேவலோடு அதை மோதவிட்டார்கள். வையாபுரி ஆற்றோரத் தோட்டக்காரர், சடையப்பனுக்கு மச்சான் முறை, பக்கத்து நிலம், நல்ல வாய்க்காரர். கத்தி கட்டாத வெறுங்கால் சண்டை. மயில் திரும்பத் திரும்ப வாலைக் காட்டியது, ஒவ்வொரு தடவையும் வையாபுரி அதைப் பிடித்து, முகத்தில் வாய்த்தண்ணீர் ஊதி, மறுபடி கொண்டுவந்து விட்டார். ஜப்பான் வாங்கியதெல்லாம் நெஞ்சில். கடைசிச் சுற்றுத் தண்ணீருக்குப் பிறகு சடையப்பன் அதைத் தரையில் விட்டபோது அது வழக்கம்போல் நிமிர்ந்து நின்றது, ஆனால் கொத்தவில்லை. மயில் கொத்தியது, அது நின்றது. மறுபடி கொத்தியது, அப்போதும் நின்றது. அது நின்றபடியே செத்துப்போயிருந்தது என்பது எங்களுக்குத் தெரிய வெகுநேரம் ஆயிற்று.

"கொத்தாத சேவல் கோச்சை," என்றார் நடுவர் பெரியதம்பி. கோச்சை என்றால் தோற்ற சேவல்.

"அண்ணா, அது கீழ உழுகலியே," என்றார் சடையப்பன். "மூக்கைத் தரையில வெக்கல. ஓடல. நிக்குது பாருங்க."

"செத்ததுக்கு அப்புறம் எப்படிறா ஓடும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். செத்த பொறவும் ஓடல."

"சடையப்பா, உன் சேவலு செத்ததையே ஒத்துக்கமாட்டேங்குது, நீயாவது தோத்ததை ஒத்துக்க," என்றார் வையாபுரி. கூட்டம் சிரித்தது. சுற்றிலும் ஊரே கோச்சை கோச்சை என்று சத்தம் போட்டது. சடையப்பன் கூட்டத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரிங்க, ஊரு சொன்னா சரி என்று ஒதுங்கினார்.

கோச்சை ஜெயித்தவனுக்குச் சேரும், அவன் அதைச் சமைத்து ஊருக்குப் பங்கு வைப்பான், அந்தக் கறிக்கு ஒரு தனி ருசி உண்டு. தோற்றவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது, அவன் அதைத் தொடவும் கூடாது. ஒரு சேவல் ஊருக்குப் போதாது என்பதால் வையாபுரி பெரிய அண்டாவில் மிளகாயும் தண்ணீருமாகக் காய்ச்சி எல்லா வீட்டுக்கும் கிண்ணத்தில் அனுப்பினார். கறி கல்லாக இருந்தது, குழம்பு மட்டும் நாக்கில் நின்றது. சடையப்பனும் பூங்காவனமும் பட்டினி கிடந்தார்கள். திருமூர்த்தி நேராக வையாபுரி வீட்டு வாசலுக்குப் போய் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டான்.

"தோத்த ஊட்டுக்காரன் கோச்சை திங்கறதைப் பாருங்கடா," என்றான் வையாபுரியின் மகன் கவியரசு.

"தோக்கலடா மாப்ளே. தோக்கலங்கறதுக்குத்தான் திங்கறேன்," என்று திருமூர்த்தி எலும்பைக் கடித்து அவன் காலடியில் துப்பினான்.

பிறகு விடிந்தது.

என்ன முடியும் என்ன முடியாது என்பதைச் சில நாட்களில் தெரிந்துகொண்டோம். பின்னால் அடி வைக்க முடியாது. எதிரில் ஒருவர் நம்மைப் பார்த்து நின்றால் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பவும் முடியாது. பகையில்லாத இருவர் தோளைச் சாய்த்து உரசிக்கொண்டு ஒருவரையொருவர் கடந்துவிடலாம். மனத்தாங்கல் இருந்தால் தோள் சாயாது, அப்படியே நிற்க வேண்டியதுதான், யாராவது ஒருவர் மயங்கி விழும்வரை. கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப் பார்த்தோம். இழுக்கப்பட்டவர் நட்ட கம்பம் சாய்வது போல் விழுந்து மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு யாரையும் இழுக்கவில்லை.

சின்னானை இரண்டாம் நாள் தலைகீழாகத் திரும்பச் சொன்னார்கள், அவன் அணில் போலத் தலையைக் கீழே வைத்து மரத்தை அணைத்தபடி இறங்கிவந்தான், அதற்குப் பிறகு அப்படியே இறங்கப் பழகிக்கொண்டு இதுதான் சுலபமென்றும் சொன்னான். வீடுகளுக்கெல்லாம் பின்பக்கச் சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைத்தோம், விருந்தாளி முன்னால் வந்து வீட்டுக்காரரைத் தோளுரசிக் கடந்து பின்னால் போனார். சந்துகள் காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே என்று ஒருவழிப் பாதைகள் ஆயின. ட்ராக்டர்களுக்குப் பின் கியர் விழவில்லை, அரசமரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு சாலை போட்டோம். மாரியம்மன் சன்னதியில் அம்மன் நேராகப் பார்ப்பதால் கும்பிட்டவர்கள் கும்பிட்டபடியே நின்றுவிட, பூசாரி கற்பூரம் காட்டியதும் திரையை இழுத்து மூடினார், திரை விழுந்ததும் நாங்கள் அவசரமாகத் திரும்பி வெளியே வந்தோம். பெண்கள் முன்னால் நகர்ந்தபடி கோலம் போட்டார்கள், போட்ட கோலத்தைத் தாங்களே மிதித்துக்கொண்டுதான் முடிக்க வேண்டியிருந்தது. கால்தடங்களும் கோலத்தில் ஒரு பகுதி என்று கொஞ்ச காலத்தில் ஆகிவிட்டது. அரசாங்கத்திலிருந்து வந்த டாக்டர் எல்லோருடைய முழங்காலையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். கறி தின்றுவிட்டுத் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், அந்த நெரிசலில் ஒதுங்கத் தெரியாதவனுக்கு என்ன வேலை? கறி சாப்பிடாத இரண்டு வீட்டார் ஊரைக் காலிசெய்துகொண்டு போனார்கள். எல்லோரும் தங்களைத் தள்ளிக்கொண்டே வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் யாரையும் தள்ளவில்லை என்றுதான் அப்போது நினைத்தோம்.

காலில் இருந்தது வாய்க்கு வந்தது அதற்குப் பிறகு. கேட்ட விலையைக் குறைக்க முடியவில்லை, சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை, கோபத்தில் மனைவியை அம்மா வீட்டுக்குப் போ என்றவன் மறுநாள் வா என்று சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினான். தெரியாமல் செய்துவிட்டேன் என்ற வார்த்தையை எங்கள் ஊரில் பேசிக் கேட்டு வருஷமாகிறது. இதெல்லாம் கறியால்தான் வந்ததா, அல்லது ஏற்கெனவே இருந்ததைக் கறி காலுக்குக் கொண்டுவந்ததா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அதற்கு முன்பு யாராவது யாரிடமாவது தப்பு என்னுடையது என்று சொன்னதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன், சடையப்பன் முகம் மட்டுமே வந்தது.

ஆக, கறியைத் தொடாததால், ஊரில் பின்னால் போகத் தெரிந்த ஆண் சடையப்பன் ஒருவர்தான் என்றாகிவிட்டது.

"சடையப்பா, கொஞ்சம் வந்து பின்னால போயிட்டுப் போப்பா," என்று ஆள் அனுப்புவார்கள். அவர் வந்து ட்ராக்டரைப் பின்னால் எடுத்துக் கொடுப்பார். கிணற்றுக் கயிற்றை இழுத்துக் கொடுப்பார். பங்காளிகள் இருவர் முறைத்துக்கொண்டு நின்றால், தோளைத் திருப்ப முடியாத அவர்களுக்கு நடுவில் நுழைந்து, அவனுக்குப் பதிலாக இவனிடமும் இவனுக்குப் பதிலாக அவனிடமும், நான் செஞ்சதுதான் தப்புங்க, மனசுல வெச்சுக்காதீங்க என்பார். சிலசமயம் அவர்களுக்கு அழுகை வந்து தோள் இளகும். ஊரே சிரித்த மனிதரை ஊரே தேடியது. பூங்காவனத்துக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"ஊரே கறி தின்னுச்சு. நாம பட்டினி கெடந்தோம். அதுக்குக் கூலியா ஊரு பண்ற தப்பெல்லாம் நம்ம தலையிலயா?" என்றாள்.

"யாராச்சும் ஒருத்தன் போகணும்ல பூங்கா."

"அந்த ஒருத்தன் எப்பவும் நீங்களே எதுக்கு?"

அவருக்கு ஒரு காரணம் இருந்தது, அது ஊருக்கே தெரியும். கறி தின்ற அன்றிலிருந்து திருமூர்த்திக்கும் கவியரசுக்கும் ஆகவில்லை. அவர்கள் இருவரும் எங்கேயாவது நேருக்கு நேர் நின்றுவிட்டால் ஒருவன் விழும்வரை பிரிக்க முடியாது. அந்த நிற்பு நடக்காமல் மகனைக் காப்பாற்றுவதுதான் சடையப்பனுக்கு இருந்த ஒரே வேலை. அதற்காக வையாபுரி வீட்டோடு எந்தத் தகராறும் வராமல் பார்த்துக்கொண்டார், வந்தால் விட்டுக்கொடுத்தார்.

அப்படித்தான் வேலிப் பிரச்சினை வந்தது. வேப்பமரக் கிளை ஒன்று தன் பக்கம் சாய்கிறதென்று வையாபுரி வரப்பில் வந்து நின்று சத்தம் போட்டார். சரிங்க மச்சான், வெட்டிர்றேன் என்று சடையப்பன் ஓர் அடி பின்னால் வைத்தார். வையாபுரியின் கால் ஓர் அடி முன்னால் வந்தது. சடையப்பன் இன்னும் ஓர் அடி போனார். அவர் இன்னும் ஓர் அடி வந்தார்.

"நில்லுங்க மச்சான், எங்க வர்றீங்க?"

"நானா வர்றேன்? காலு வருதுய்யா. எடம் காலியானா அது வருது, நான் என்ன பண்றது?"

"இன்னும் ஒரு அடி உட்டாச் செரியாப் போயிருமா?"

"எனக்கு எப்படிடா தெரியும்?"

அப்படியே கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு, ஒருவர் பின்னாலும் ஒருவர் முன்னாலுமாக, சடையப்பனின் முதுகு அவர் வீட்டுச் சுவரில் முட்டும்வரை வந்தார்கள். வையாபுரி நின்ற இடத்தில் வேலி போட்டார்கள். வையாபுரியை ரொம்பக் குறைசொல்ல முடியவில்லை, அவர் அன்று முகம் வெளிறித்தான் நின்றார். ஆனால் வேலியை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோவது என்றால் அது பின்னால் போவதல்லவா?

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது திருமூர்த்தி அப்பாவிடம் கேட்டான். "நீங்க போகப் போக நான் எங்கப்பா நிக்கறது?"

"நிக்கவே வேண்டாம் சாமி. நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்."

"நீங்க விட்டுக்குடுத்துக் குடுத்து அவங்க நம்ம சுவத்துக்கு வந்துட்டாங்க. நாளைக்கு அடுப்படிக்கு வருவாங்க. அப்பவும் நீங்க பாத்துக்குவீங்களா?"

சடையப்பன் சோற்றைப் பிசைந்தார். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன், மகனைக் காப்பாற்ற அவர் வைக்கிற ஒவ்வோர் அடியும் மகனை அந்த இடத்தை நோக்கியே தள்ளுகிறது என்று. ஆனால் தெரிந்து என்ன செய்வார், அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

சடையப்பன் வீட்டுக்கு மிஞ்சியது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த துண்டு நிலம். அதற்குப் போக வழி, தடுப்பணையின் சுவர். ஓர் ஆள் நடக்கிற அகலம், இரண்டு பக்கமும் ஆழம். காலையில் எங்க ஆளுங்க அந்தப் பக்கத்திலிருந்து வருவாங்க, உங்க வீட்டுக்காரங்க வெயில் ஏறின பிறகு போங்க என்று வையாபுரி சொல்லியனுப்ப, சடையப்பன் அதற்கும் சரி என்றார். ஐப்பசியில் ஒருநாள் காலை, வெயில் ஏறுமுன்பே, திருமூர்த்தி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரில் ஏறி நடந்தான். அக்கரையிலிருந்து கவியரசு வந்தான். நடுச் சுவரில் ஒரு கை தூரத்தில் நின்றார்கள்.

"தோளைச் சாய்டா, போயிர்றேன்," என்றான் திருமூர்த்தி.

"நீ சாய்."

"எனக்குச் சாயலடா."

"எனக்கு மட்டும் சாயுதா?"

இருவரும் முயன்றார்கள், நான் பார்த்தேன், அவர்களுடைய கழுத்து நரம்பு புடைத்தது, தோள் அசையவில்லை. ஓங்கினால் இருவருமே ஆற்றில் விழுவார்கள் என்பதால் கையையும் ஓங்கவில்லை. இரண்டு கரையிலும் ஊர் கூடியது. சேவல்கட்டைச் சுற்றி நிற்பது போலவே நின்றோம், வேறு எப்படி நிற்பது என்று எங்களுக்குத் தெரியாது. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியில் தூக்குச்சட்டியைக் கட்டிக் கஞ்சி நீட்டினார்கள். கவியரசுக்கு நீட்டியதை அவன் பாதி குடித்துவிட்டு, இந்தா மச்சான் என்று எதிரில் நின்றவனிடம் கொடுத்தான், திருமூர்த்தி வாங்கிக் குடித்தான். கொடுக்கவும் வாங்கவும் முடிந்தது, ஒதுங்கத்தான் முடியவில்லை. மழை பிடித்ததும் கரையில் ஒருவர் சுண்டல் கடை போட்டார். இவன் நிப்பான், அவன் நிப்பான் என்று பேச்சு எழுந்தது, சொன்னவர்கள் சொன்னதிலிருந்து இறங்க முடியாமல் தங்களுக்குள் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் மேல் அணையைத் திறந்தார்கள். தண்ணீர் சுவருக்கு மேல் வந்து அவர்களுடைய கணுக்காலை நனைத்தது, பிறகு கெண்டைக்காலை.

சடையப்பன் அதுவரை இக்கரையில் சுவர் தொடங்கும் இடத்தில் மகனின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்து, அக்கரையில் நின்ற வையாபுரியைக் கூப்பிட்டார்.

"மச்சான், கட்டுல ரெண்டு சேவலும் விடாம நின்னா என்ன பண்ணுவோம்?"

"தூக்கிருவோம்."

"பின்னால போன்னு சொல்லுவமா?"

"அதெப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் ஒரே சமயத்துல அடிவயித்துல கையைக் குடுத்துத் தூக்குவோம்."

"அப்ப வாங்க."

வையாபுரி யோசிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் அந்தப் பக்கமிருந்தும் சடையப்பன் இந்தப் பக்கமிருந்தும், முழங்கால் தண்ணீரில் சுவரைக் காலால் தடவித் தடவி நடந்து, தங்கள் தங்கள் மகனுக்குப் பின்னால் போய் நின்றார்கள். சடையப்பன் தலையசைத்தார். இருவரும் குனிந்து, மகனின் இடுப்பைச் சேர்த்துக் கட்டிப்பிடித்து, ஒரே மூச்சில் தூக்கினார்கள். திருமூர்த்தி தடுக்கவில்லை, அவன் கால்கள் தண்ணீரை விட்டு மேலே வந்து தொங்கின. இரண்டு கரையும் ஹோவென்று கத்தியது. சடையப்பன் மகனைச் சுமந்துகொண்டு பின்னால் ஓர் அடி வைத்தார்.

வையாபுரியின் கால் முன்னால் ஓர் அடி வந்தது.

கத்தல் நின்றது. சடையப்பன் தன் மச்சானின் முகத்தைப் பார்த்தார், இரண்டு மகன்களின் தோள்களுக்கும் மேலாக. பிறகு அடுத்த அடியைப் பின்னால் வைத்தார், அவரும் வந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, நிற்பதற்கு நேரமில்லை. அப்படியே சுவர் முழுக்க வந்து கரையேறினார்கள், முதுகு முன்னால் வர சடையப்பன், அவர் கையில் திருமூர்த்தி, அவனுக்கு எதிரில் கவியரசு, அவனைத் தூக்கியபடி வையாபுரி. எங்களுக்கு அவர்கள்மேல் பகை இல்லாததால் தோளைச் சாய்த்து வழிவிட்டோம். சடையப்பனின் முதுகு என் கையில் உரசியது.

"எறக்கி விடு சடையப்பா, கரைக்கு வந்தாச்சு," என்றார்கள்.

அவர் மகனை மெல்ல இறக்கினார். கால்விரல் மண்ணில் பட்டதும் திருமூர்த்தியின் கை எழுந்து கவியரசின் கழுத்துக்குப் போயிற்று, கவியரசின் கையும் அப்படியே வந்தது. இப்போது விழுவதற்கு ஆறு இல்லை, அடிப்பதற்குத் தரை இருந்தது. திருமூர்த்தி, "தூக்குங்கப்பா, தூக்குங்க," என்று அலறினான். சடையப்பன் மறுபடி தூக்கிக்கொண்டார். பிடி விட்டது.

"மாமா, எங்கயாச்சும் நின்னு தொலைங்க மாமா," என்று கவியரசு அழுதான்.

"நின்னா உங்கப்பன் நிப்பாரா சாமி?"

"என்னையக் கேக்காத சடையப்பா," என்றார் வையாபுரி. அவருக்கு மூச்சு வாங்கியது. "நானும் இவனை எறக்க முடியாது. நீ நின்னா நான் வந்து முட்டிருவேன், இவனுக கழுத்தைப் புடிச்சுக்குவானுக. போயிக்கிட்டே இரு."

பூங்காவனம் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அவர்கள் தெருவழியாக வந்து அவளைக் கடந்தபோது கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி வந்து, கணவரின் முதுகுக்குப் பின்னால், போகிற வழியைப் பார்த்தபடி நடந்தாள். நாங்கள் ஊர் எல்லைவரை பின்தொடர்ந்தோம். அதற்கப்பால் தாராபுரம் சாலை நேராகப் போகிறது, இரண்டு பக்கமும் வெறும் காடு. மழை விட்டிருந்தது. எங்களில் யாராவது ஒருவர் போய் தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் வையாபுரியின் கால் நின்றிருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எல்லோரும் வாயைத் திறந்து நின்றோம், சத்தம் வரவில்லை, பிறகு ஒருவர்பின் ஒருவராக வேலைக்குப் போனோம், கடையைத் திறந்தோம், வட்டச் சாலையில் ட்ராக்டர்கள் சுற்றத் தொடங்கின.

அவர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். காற்று இந்தப் பக்கம் வீசியதால் பூங்காவனத்தின் குரல் மட்டும் வெகுநேரம் கேட்டது.

"கல்லு கெடக்குதுங்க, வலப்பக்கமா வாங்க. ஆங், அப்படித்தான். பள்ளம் ஒண்ணு வருது, காலை எட்டி வெய்யுங்க."

சடையப்பன் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பது எங்களுக்கு விழவில்லை, அவள் சொன்னதுதான் விழுந்தது.

"இருக்குதுங்க. இன்னும் ரோடு இருக்குது, வாங்க."